எண்ணெய் குடித்த வானொலி

என் மச்சானுக்குக் கண் போய் ஒன்பது மாதம் கழித்துத்தான் அவர் என்னிடம் முதல் தடவையாக ஒரு பொருள் கேட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். எங்கள் பகுதியில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டோடு போய்விட வேண்டும். அதனால் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில், வாவியின் இந்தப் பக்கம் எழுவான்கரையில், நான் சாய்வுகதிரை போட்டுப் படுத்திருக்கிறேன். அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூரில் தன் மனைவியின் வீட்டில் இருக்கிறார். நான் பிறந்த வீட்டில் என் தங்கையின் புருஷன் படுத்திருக்கிறார். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

அவருக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். முதலில் கால் விரல்கள் மரத்தன. பிறகு ஒரு கண் மங்கியது, அடுத்த வருடம் மற்றக் கண். அதுவரை அவர் வட்டவிதானையாக இருந்தவர். ஒரு வட்டையில் உள்ள அத்தனை வயலுக்கும் தண்ணீர் பங்கிட்டுக் கொடுப்பது அந்த ஆள்தான். வாய்க்கால் கதவை எத்தனை சுற்றுத் திருகினால் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பது அவர் கைக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்குச் செருப்பைக் காலடியில் எடுத்துப் போடவும், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்துக் கொடுக்கவும் ஆள் வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். குருமன்வெளித் துறையில் பாதை ஏறினால் அடுத்த கரை மண்டூர். இயந்திரம் பூட்டிய அந்த மிதவைக்கு நாங்கள் பாதை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். மனிதர், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் ஒன்றாக ஏறும். ஏறி நின்றதும் அன்றைக்குச் சொல்லப்போகும் பகிடிகளை மனதுக்குள் அடுக்கிக்கொள்வேன். அவரைச் சிரிக்க வைப்பது என் கடமை என்று நானே எனக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுத்திருந்தேன். அவரும் சிரிப்பார். ஒருநாள் கவனித்தேன்: நான் வாயை மூடிய அடுத்த கணமே அவர் முகம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்காகச் சிரித்திருக்கிறார். நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் கேட்டார்.

"மச்சான், ஒரு ரேடியோ வாங்கித் தா. சோட்வேவ் வாறது. பழசா இருந்தாலும் காரியமில்ல."

"போன்லயே எல்லாம் வருதே மச்சான்."

"போன் கண்ணாடி. தடவினா ஒண்டும் தெரியா. பிள்ளையள் எடுத்து வச்சுத் தந்தாத்தான் உண்டு."

"எஃப்.எம்?"

"அதுல எப்பவும் ஆருக்கோ பிறந்தநாள்."

இந்தத் தடவை நான்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு விரலால் காற்றில் எதையோ திருகிக் காட்டினார்.

"நானே திருகோணும். நானே தேடோணும். ஒரு வேலையாவது ஆரையும் கூப்பிடாமச் செய்யோணும் மச்சான்."

அவர் ஏன் என்னிடம் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழைய சாமான் வாங்குவதில் என் கீர்த்தி குடும்பம் முழுக்கப் பரவியது. நான் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிளின் கதையைச் சொல்லும்போது என் மனைவிக்கு வாய் போதாது, இரண்டு கையும் தேவைப்படும். ஆகவே இந்த முறை ஒரு கிழமை, ஏழு நாளும், பழைய வானொலியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று படித்தேன். கந்தோரில் முப்பது வருடம் பைல் கட்டியவன், ஒரு கொப்பியில் தலைப்புப் போட்டு எழுதியும் வைத்தேன்.

காத்தான்குடியில் ஒரு கடை. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் இரண்டாம் கைக்குப் போகிற இடம். முதலாளி சவூதியில் பல வருடம் மின்சார வேலை செய்தவர். வயதானவர், அந்த ஊரில் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லோருக்கும் காக்கா. சோட்வேவ் என்றதும் உள்ளே போய் மூன்று வானொலிகளைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

முதலாவது வெள்ளி நிறத்தில் மினுங்கியது. பொத்தான்கள் நிறைய. தூக்கினேன், குடி எழும்பிப் போன வீடு மாதிரி இருந்தது. நல்ல வானொலிக்குக் கனம் வேண்டும். உள்ளே இரும்புச் சட்டமும் பெரிய ஒலிபெருக்கிக் காந்தமும் இருந்தால்தான் கை கீழே இறங்கும். விளிம்புகளைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். மூடியும் உடம்பும் சேரும் இடம் கீச்சிட்டது.

இரண்டாவது பார்க்க நன்றாக இருந்தது. பற்றரி மூடியைத் திறந்தேன். கம்பிச் சுருள்களில் பச்சைப் பூ பூத்திருந்தது. யாரோ பற்றரியை உள்ளேயே விட்டு வருடக்கணக்காக மறந்திருக்கிறார்கள். அங்கே கசிந்தது எதுவரை போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூடினேன்.

மூன்றாவது தோல் உறைக்குள் இருந்தது. அகன்ற, கறுத்த, அழகில்லாத ஒரு பெட்டி. தூக்கியதும் தோள் சொன்னது, இதுதான் என்று. ஆனாலும் கொப்பியை விரித்தேன். அன்டெனாவை ஒவ்வொரு கணுவாக இழுத்தேன். ஒவ்வொன்றும் ஒரே இறுக்கத்தில் வந்தது, அடிமூட்டு ஆடவில்லை. அலைவரிசை மாற்றும் கட்டையை ஒவ்வொரு இடமாகத் தள்ளினேன். ஒவ்வொரு இடத்திலும் டக்கென்று குந்தியது, நடுவில் தொங்கவில்லை. சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பியபோது ஒரே ஒரு தடவை கரகரத்து ஓய்ந்தது. காதோடு சேர்த்துக் குலுக்கினேன். உள்ளே எதுவும் உருளவில்லை. மூக்கை வைத்து மோந்தும் பார்த்தேன், கருகல் மணம் இருக்கிறதா என்று.

காக்கா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், ரேடியோ வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாக்கப் போன நேரம் இவ்வளவு பாக்கல்ல காக்கா. அதுதான் இப்ப பாக்கிறன்."

கடைசியாக நிலையம் தேடும் பெரிய குமிழ். கொப்பியில் அதற்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தேன். மெல்ல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். முள் விரலோடு சேர்ந்தே அசைந்தது. விரல் முன்னே போய் முள் பின்னே இழுபடவில்லை. இடது முனைக்குப் போனதும் சுவரில் முட்டியது போல நின்றது. வலது முனையிலும் அப்படியே.

"உள்ளயும் பாருங்க. வெளித் தோலை மட்டும் பாத்து ஒண்டும் வாங்கப்படாது." காக்காவே திருப்புளி எடுத்தார். ஆணித் தலைகளில் கீறல் இல்லை, இதுவரை யாரும் கை வைக்கவில்லை. பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே எல்லாம் வரிசையாக இருந்தது. ஈயம் வைத்த இடங்கள் சிறு மணிகள் போல உருண்டிருந்தன. குமிழின் தண்டில் ஒரு நூல் சுற்றி, சின்ன உருளைகள் மீது ஏறி இறங்கி, பெரிய சில்லு ஒன்றைச் சுற்றிப் போய் முள்ளை இழுத்தது. அந்த நூல்தான் குமிழுக்கும் முள்ளுக்கும் தொடுப்பு.

"நல்ல சாமான்," என்றார் காக்கா. "இப்பிடியே கொண்டுபோய்க் குடுங்க. ஒண்டும் செய்யாதீங்க."

ஓம் என்று தலையாட்டினேன். தலை ஆட்டுவது எனக்குப் பழக்கம்.

அன்று பின்னேரம் அதை வீட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு நல்ல பொருள் வாங்கியிருக்கிறேன். அது கெட்டுப்போகக் கூடாது. எங்கள் ஊர்க்காற்றுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரும்பு என்று எதைக் கண்டாலும் உப்பு தின்றுவிடும். அதனால் எங்கள் வீடுகளில் பூட்டு, தையல் மெசின், சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் போடுவோம். பிள்ளையின் தலைக்குப் போடுவது மாதிரியேதான். இது யாரும் சொல்லித்தந்து செய்கிற வேலை அல்ல. கை தானாகப் போகும்.

என் கை போனது. பின்மூடியைக் கழற்றி, கோழி இறகு ஒன்றை எண்ணெயில் தோய்த்து, கண்ணில் பட்ட எல்லா உலோகத்துக்கும் பூசினேன். ஆணிகள், சட்டம், உருளைகள், குமிழின் தண்டு. நூலும் விளக்குத் திரி மாதிரி தன் பங்கைக் குடித்தது. வேலை முடிந்து மூடியபோது எனக்கு ஒரு மருத்துவரின் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் மடியில் வைத்தேன். தோல் உறையைத் தடவினார். குமிழ்களைத் தொட்டுத் தொட்டு எது எதற்கு என்று கேட்டார். பிறகு பெரிய குமிழை இடது பக்கம் முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து எண்ணத் தொடங்கினார். ஒரு முழுச் சுற்று ஒன்று. அப்போதுதான் விளங்கியது, அவர் முள்ளைப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு நிலையம் என்பது எத்தனையாவது சுற்று என்பதுதான்.

இரைச்சல், யாருடைய மொழியோ, மறுபடி இரைச்சல். ஆறாவது சுற்றைக் கொஞ்சம் தாண்டியதும் ஒரு பெண்குரல் தமிழில் செய்தி வாசித்தது. அலை மாதிரி ஏறி இறங்கி, எங்கேயோ தொலைவில் இருந்து.

"ஆறேகால்," என்றார். அவர் முதுகு கதிரையிலிருந்து நிமிர்ந்திருந்தது.

புதன்கிழமை காலை தொலைபேசியில் வந்தார்.

"மச்சான், ஆறேகால்ல ஒண்டும் இல்ல. நேற்று ஏழுல கிடைச்சுது. இண்டைக்கு அங்கயும் இல்ல. எண்ணிக்கை பிழைக்குது."

"கணக்குல நீங்க எப்பவும் அப்பிடித்தானே," என்றேன். "வட்டைக்குள்ள ஆருட தண்ணி ஆருக்குப் போச்சோ."

தண்ணீர்ப் பங்கீட்டில் ஒரு பிழை வராமல் இருபது வருடம் நடந்தவர். "ஓம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டே நான் காலைச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுப் படலையிலேயே அவருடைய மனைவி என்னை நிறுத்தினார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"தம்பி, அந்த ரேடியோவ அவர் இப்ப தொடுறதில்ல. விறாந்தையில இருந்து ஊக்கால விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திப் பாக்கிறார். கேட்டா ஒண்டும் சொல்றாரில்ல. நீங்க கேளுங்க."

கேட்டேன். முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்:

"இடப்பக்கம் திருப்பினா ஒருக்கா முட்டுறது விளங்குது, ஒருக்கா விளங்குதில்ல. போய்க்கொண்டே இரிக்கி. கால் மரத்தது இப்பிடித்தான் தொடங்கினது மச்சான். இப்ப விரலுக்கு வந்திட்டுது போல."

அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தேன். சிவந்த சிறு புள்ளிகள்.

வானொலியை எடுத்துப் பெரிய குமிழைத் திருப்பினேன். குமிழ் சுற்றியது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு தடவை திருப்பினேன். முள் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்றது. விரல் போகிறது, முள் போகவில்லை. பார்வை உள்ள எவனும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். பெட்டியின் இடுக்கிலிருந்து தேங்காய் எண்ணெய் மணம் லேசாக வந்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறையப் பேசுகிறவன் நான். "ஒருக்கா காட்டிக்கொண்டு வாறன்," என்று மட்டும் சொல்லி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறைக்கு நடந்தேன். பாதையில் நின்றபோது பக்கத்தில் நின்றவர் ரேடியோவா என்று கேட்டார். ஆம் என்று சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காக்கா பின்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு விரலை வைத்தார். அந்த விரலை மோந்தார்.

"சேர், பொரிக்கவா வச்சீங்க?"

"துருப் பிடிக்காம இரிக்கட்டும் எண்டு…"

"நூல் வழுக்குது. தண்டு சுத்தும், சில்லு வராது." அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆருக்கு வாங்கினீங்க இத?"

சொன்னேன். கண் போனது, சுற்று எண்ணுவது, ஊக்கு, எல்லாவற்றையும். காக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

"எத்தின நாளா?"

"ஆறு நாள்."

"ஆறு நாளா அந்த மனுசன் தன்ட விரலச் சந்தேகப்பட்டுக்கிட்டு இரிக்காரா?" திருப்புளியைக் கீழே வைத்தார். "முதல்ல போய்ச் சொல்லுங்க. மறுகா ஆளக் கூட்டிட்டு வாங்க. நூல் புதுசாப் போட்டுத் தாறன். எவ்வளவு இறுக்கம் வேணும் எண்டு அவரிட கைதான் சொல்லோணும்."

அன்றே மண்டூருக்குப் போனேன். பாதையில் ஒரு பகிடியும் அடுக்கவில்லை. மச்சான் விறாந்தையில் இருந்தார். திங்கட்கிழமை என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"மச்சான், ரேடியோவக் கெடுத்தது நான்," என்றேன். "உள்ளுக்கு எண்ணெய் பூசினன். நூல் வழுக்கினது. புதன்கிழமை நீங்க சொன்ன நேரம் நான் யோசிக்கவும் இல்ல, பகிடி விட்டன்."

கோபிப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப முட்டாம முட்டாமப் போனது ரேடியோவா?"

"ஓம்."

"என்ட விரல் இல்ல."

"இல்ல மச்சான்."

"வடிவாத் தெரியுமா?"

"நான் கண்ணால கண்டன். முள் அசையல்ல."

பெருவிரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு கை முடிந்ததும் மற்றக் கை. அக்கா உள்ளே இருந்து வந்து கதவடியில் நின்றார். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கச் சொல்லி என் நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"காக்கா உங்களையும் வரச் சொன்னவர்," என்றேன் கடைசியில்.

கண் போனதிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் படலையைத் தாண்டியதில்லை. கைபிடித்து நடத்திக்கொண்டு போவதை வட்டைக்காரர்கள் பார்க்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "சட்டை எடு," என்றார் அக்காவிடம்.

அடுத்த நாள் காலை துறையில் நாலைந்து பேர் அவரைக் கண்டு எழும்பினார்கள். ஒருவர் "விதானையார்" என்று சொல்லி அருகே வந்தார். மச்சான் குரல் வந்த பக்கம் தலையசைத்தார். அவர் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது, பாதை அக்கரையில் முட்டும்வரை.

கடையில் காக்கா ஏற்கெனவே உள்ளே எல்லாவற்றையும் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டிருந்தார். மச்சானுக்குக் கதிரை போட்டார். "வாங்க விதானையார்," என்றார். நான் முந்திய நாள் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். பழைய நூலைப் போலத் தடித்த முறுக்கு நூல் கிடைக்காமல், வலை பின்னும் நூல் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதைத் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, உருளைகள் வழியாகக் கொண்டுபோய், சிறு வில்லில் மாட்டினார். பிறகு திறந்த பெட்டியை மச்சான் முன்னால் தள்ளினார்.

மச்சான் திருப்பினார். முட்டியது. மறுபக்கமும் திருப்பினார்.

"முனையில கொஞ்சம் இளகுது."

காக்கா என்னைப் பார்த்தார். எனக்கு முள் ஒழுங்காகப் போவது போலத்தான் தெரிந்தது. காக்கா குனிந்து பார்த்து, தண்டில் விரல் வைத்து, "உண்மைதான்," என்றார். அவிழ்த்து மூன்றாவது சுற்றும் போட்டார்.

மச்சான் மறுபடி திருப்பினார். இடது முனை, வலது முனை, இடது முனை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைக்கு வேறு ஆட்கள் வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். காக்கா அவர்களைப் பார்க்கவேயில்லை.

"இப்ப சரி," என்றார் மச்சான்.

பின்னேரம் மண்டூர் விறாந்தையில் அவர் வானொலியை மடியில் வைத்துக்கொண்டார். நான் எதிரே கதிரையில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடது முனைக்குப் போய் முட்டினார். உதடு மட்டும் அசைய எண்ணத் தொடங்கினார். முள் நகர்வது எனக்குத் தெரிந்தது. அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கொஞ்சம் தாண்டியபோது திரும்பச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அவர் தானாகவே நின்று, நெல்மணி அளவு பின்னே வந்தார். அந்தப் பெண்குரல் ஏறி வந்தது.

"நீ ஒண்டும் தொடயில்லதானே?"

"இல்ல மச்சான். என்ட கை ரெண்டும் இஞ்ச மடியில இரிக்கி."

அவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. செய்தி நடந்துகொண்டிருக்கும்போதே குமிழை இடது பக்கம் திருப்பி, முட்டும்வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் எழும்பிச் செருப்பைப் போட்டேன். போயிட்டு வாறன் என்றேன். அவர் நாலாவது சுற்றில் இருந்தார்.